எந்தக் கட்சி?

"ஊருக்குப் போய் வந்தாயே, ஒரு பிரயாணக் கட்டுரை எழுதிக் கொடு" என்று நம் இதழாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். காசிக்கோ காஷ்மீருக்கோ போய் வந்தவர்கள் எழுத வேண்டியது பிரயாணக் கட்டுரை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரிக்குப் போய் வந்தவன் எதை எழுதுவது? இருந்தும் ஒப்புக்கொண்டேன். காரணம் உண்டு. அந்தக் கால்பந்துப் போட்டிக்குப் பிறகு நம் மன்றத்து நண்பர்கள் சிலர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல நா எழவில்லை. எழுதிச் சொல்லலாம் என்றாலோ வலக்கை கட்டுக்குள் இருந்தது. இப்போது கட்டு அவிழ்ந்துவிட்டது. எழுதுகிறேன்.

போட்டியைப் பாராதவர்களுக்காகச் சில வரிகள். நம் மன்றத்துக்கும் தெலுங்கு மாணவர் மன்றத்துக்கும் ஆட்டம் என்று முடிவானபோது, விடுதி வாசலில் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்பட்டன. இரண்டிலும் என் பெயர் இல்லை. பள்ளியில் நான்கு ஆண்டு கோல்கீப்பராக நின்றவன் நான். நம்மவர்களைக் கேட்டேன். "உன் ஊர் ஆந்திரத்தில் அல்லவா இருக்கிறது? அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம்" என்றார்கள். தெலுங்கு நண்பர்களைக் கேட்டேன். "நீ அரவவாடு ஆயிற்றே!" என்றார்கள். அரவம் என்றால் அவர்கள் மொழியில் தமிழ். இரு வீட்டிலும் இலை போட்டிருக்க, இரு வீட்டாரும் அடுத்த வீட்டில் சாப்பிட்டிருப்பான் என்று விட்டுவிட்ட விருந்தாளியின் கதையாயிற்று என் கதை.

ஆட்டத்தன்று காலை தெலுங்கு அணியின் கோல்கீப்பருக்குக் கடும் காய்ச்சல். ஓடிவந்து என்னை அழைத்தார்கள். ஆடும் ஆசை யாரை விட்டது? போய் நின்றேன். ஆட்டம் முடியும் தறுவாயில் இரு பக்கமும் ஒவ்வொரு கோல். அப்போது நம் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நம் தலைவர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்து போகிறார். கோல் வலைக்குப் பின்னாலிருந்து, நன்றாகப் பழகிய குரல் ஒன்று மெல்லச் சொல்லிற்று: "விட்டுடுடா மச்சான், நம்ம பசங்கதானே!"

பந்து வந்தது. நான் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து விரலில் பட்டு வெளியே போயிற்று; மணிக்கட்டு கம்பத்தில் மோதிற்று. ஆட்டம் சமன். தெலுங்கு நண்பர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்கோ வலியில் கண் இருண்டது. கூட்டத்தில் ஒருவர் என் அருகே வந்து, "துரோகி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை.

எலும்பில் விரிசல் என்று படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். செய்தி ஊருக்குப் போயிற்று. "உடனே புறப்பட்டு வா, புத்தூரில் கட்டுப் போடலாம்" என்று பாட்டியிடமிருந்து ஆணை பிறந்தது. எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தால் புத்தூர்க் கட்டுத்தான். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். பாட்டியின் ஆணைக்கு மேல் முறையீடு கிடையாது என்பது அவனுக்குத் தெரியாது.

இவ்வாறாகக் கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்ட கையோடு சென்ட்ரலில் திருப்பதி வண்டி ஏறினேன். புகை போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் எங்கள் வீட்டில் இன்னும் புகைவண்டிதான். சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. சிறிது நேரத்தில் வியாசர்பாடி வந்தது. வடசென்னையில் கால்பந்துக்கென்றே பேர்போன இடம் அது. 'குட்டி பிரேசில்' என்று பத்திரிகைகள் எழுதுவதுண்டு. உலகக் கோப்பை வந்துவிட்டால் அங்கே பிரேசில் கொடி ஏறும். கேரளத்தில் இன்னும் ஒரு படி மேல். 2022ஆம் ஆண்டு கோழிக்கோட்டு மாவட்டத்துப் புள்ளாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ஆள் உயரமென்ன, பனை உயரத்துக்கு உருவப்படங்கள் எழுப்பினார்கள். உலகமே அதைப் பார்த்து வியந்தது.

இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைத் துரோகி என்ற நண்பர் அன்று அணிந்திருந்தது வெள்ளையும் நீலமும் கோடிட்ட அர்ஜென்டினா சட்டை. 2022 டிசம்பர் 18 அன்று பிரான்சை அந்நாடு பெனால்டியில் வென்றபோது, வீட்டில் உட்கார்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கும் அர்ஜென்டினாவுக்கும் என்ன உறவு? கொள்வினையா, கொடுப்பினையா? ஒருவரும் கேட்பதில்லை. ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள நாட்டை விரும்ப அவருக்கு உரிமை உண்டு. திருத்தணிக்கு அப்பால் இரண்டு நிலையம் தள்ளிப் பிறந்த நான்தான் ஒவ்வொரு தடவையும் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது.

எதிர் இருக்கையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எண்பதை எட்டும் வயது, நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. ராணுவக் கேண்டீனில் வாங்கிய பொருள்கள் நிறைந்த பை மடியில் இருந்தது. பெரம்பூர் தாண்டியதும் பேச்சைத் தொடங்கினார்.

"இன்னா தம்பி, கைக்கு இன்னா ஆச்சு?"

"பந்து ஆடினேன் தாத்தா."

"அடடே! எந்தக் கட்சி?"

எந்தக் கேள்விக்கு அஞ்சி ஊருக்கு ஓடிக்கொண்டிருந்தேனோ அதே கேள்வி வண்டியிலும் ஏறி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. "அது பெரிய கதை" என்றேன். "அரக்கோணம் வரைக்கும் வேற இன்னா வேலை?" என்றார். சொன்னேன், வலைக்குப் பின்னாலிருந்து வந்த குரலை மட்டும் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்தது. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தாம். 18 வயதில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். நீலகிரி வெல்லிங்டனில் பயிற்சி பெற்றவர்.

"தங்கராஜ் தெரியுமா உனக்கு?" என்றார்.

கோல்கீப்பராக நின்றவனுக்குப் பீட்டர் தங்கராஜைத் தெரியாமல் இருக்குமா? ஹைதராபாத்தில் பிறந்து, 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, வெல்லிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மைய அணிக்கு ஆடியவர் அவர். அந்த அணி 1955லும் 1958லும் டியூரண்ட் கோப்பையை வென்றது. பெரியவர் பட்டாளத்தில் சேர்ந்தபோது தங்கராஜ் அங்கே இல்லை. ஆனால் அவரைப் பற்றிய கதைகள் கொத்தளத்துக்குக் கொத்தளம் உலவினவாம்.

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில், தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்ற இந்திய அணிக்குக் கோல் காத்தவர் தங்கராஜ். அந்த அணியை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். தலைவர் வங்கத்துச் சுனி கோஸ்வாமி. செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம் ஒருவர். பெங்களூரின் அருமைநாயகம் ஒருவர். தலையில் தையலோடு ஆடி இரண்டாவது கோலைப் போட்ட ஜர்னைல் சிங், 1947இல் எல்லை கடந்து வந்த பஞ்சாபிச் சிறுவர். தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்த தமிழ்ப் பெயர்கள் அந்த அணியில் எத்தனை! அவர்களை யாரும் பட்டியலில் விட்டுவிடவில்லை.

"நான் ஈஸ்ட் பெங்கால் கட்சி" என்றார் பெரியவர் திடீரென்று.

நகரிப் பக்கத்து மனிதர் கல்கத்தாக் கழகத்தின் பெயரைச் சொல்வானேன்? கேட்டேன். அவர் வேட்டியை முழங்கால் வரை தூக்கி, கெண்டைக்காலில் இருந்த பழைய தழும்பு ஒன்றைக் காட்டினார்.

"எழுபத்தொண்ணு டிசம்பர். குண்டுச் சில்லு. கல்கத்தா ராணுவ ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தேன். அங்க ஒரு பையன், வார்டு பெருக்கறவன். நாப்பத்தேழுல டாக்கா பக்கத்துலருந்து வந்த குடும்பம். வீடு போச்சு, கொளம் போச்சு, மாமரம் போச்சுன்னு அவங்கப்பாரு தெனம் அழுவாராம். மிச்சம் இன்னாடா இருக்குதுன்னு கேட்டேன். ஈஸ்ட் பெங்கால் இருக்குதுன்னான்! நானும் அவனும் அரை இந்தியில பேசிக்குவோம். எங்க ரெஜிமெண்ட் தங்கராஜ் அவங்க கட்சிக்குக் கோல் காத்தாருன்னு அவன் சொன்னப்புறம் நான் வேற எந்தக் கட்சிக்குப் போவேன்?"

அவர் சொன்னது சரிதான். ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920இல் தோன்றியது. பிரிவினைக்குப் பின் கிழக்கிலிருந்து வந்து குடியேறிய மக்கள் அதைத் தங்கள் ஊராகவே கொண்டார்கள். அது வென்றால் வீட்டில் இலிஷ் மீன். எதிரியான மோகன் பகான் வென்றால் அவர்கள் வீட்டில் இறால். 1970 முதல் 1975 வரை ஆறு ஆண்டும் கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்கே. தங்கராஜோ முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று பெருங்கழகங்களுக்கும் கோல் காத்தவர். அவரை யாராவது துரோகி என்று சொல்லியிருப்பார்களா? கல்கத்தா ரசிகர்கள் கோபத்துக்குப் பேர்போனவர்கள்; சொல்லியும் இருக்கலாம்.

அந்தத் துணிவில்தான் மறைத்ததைச் சொன்னேன். "தாத்தா, பந்து வரும்முன் என் பின்னாலிருந்து ஒருவன் 'விட்டுடு' என்றான்."

"விட்டியா?"

"இல்லை. பிடித்தேன்."

"அப்ப சரி. நின்ன கோலைக் காக்கணும். ரெண்டு பக்கமும் ஆள் இருந்தாத்தானே தம்பி ஆட்டம்!"

எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. உற்சாகத்தில் வாய் நீண்டது. "நீங்களும் சண்டையில் அப்படித்தானே நின்றிருப்பீர்கள்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சண்டையும் ஆட்டமும் ஒண்ணு இல்ல. ஆட்டத்துல விழுந்தவன் எழுந்து வந்து கை குடுப்பான்" என்றார். பிறகு வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கோணத்தில் ஏறியவர்களின் சத்தத்தில்கூட அந்த மௌனம் கலையவில்லை. நான் வெட்கிப்போனேன். படைவீரர்களைப் பற்றி மேடையில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அவர்கள் எதை எதோடு ஒப்பிட விரும்பமாட்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

திருத்தணியில் முருகன் அடியார்கள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கினார்கள். அதற்கப்பால்தான் எங்கள் கதை. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு போயிற்று. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். படாஸ்கர் பரிந்துரைகளின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேட்டுப் பகுதி அங்கே போயிற்று. நகரி போன இடத்திலேயே நின்றது.

பாட்டியின் அக்காள் வாழ்க்கைப்பட்டது பள்ளிப்பட்டில். ஒரு நாள் பொழுது விடிந்தபோது அக்காள் சென்னை மாநிலத்தாள், தங்கை ஆந்திரத்தாள். இருவரும் வாசலை விட்டு ஓர் அடி நகர்ந்தார்கள் இல்லை. இன்றும் பாட்டி அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "அப்புறம் அக்கா ஊட்டுப் புள்ளைங்க தமிழ்ல லெட்டர் எழுதுச்சு, என் புள்ளைங்களுக்கு அதைப் படிக்கத் தெரியல" என்பாள். போராடியவர்கள் வீணுக்குப் போராடவில்லை என்பதை நான் அந்த ஒரு வாக்கியத்தில்தான் அறிந்தேன். பள்ளியில் எனக்குத் தெலுங்கு. தமிழ் எழுத்தைப் பாட்டி நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டிக் கற்பித்தாள். நம் மன்றத்தில் என் கையெழுத்தைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு கிழவியின் பிடிவாதம் இருக்கிறது.

பொன்பாடி கடந்தது. அடுத்து வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை; நாட்டிலேயே மிக நீண்ட பெயர் கொண்ட நிலையங்களில் ஒன்று. பலகையை நான் படித்து முடிப்பதற்குள் வண்டி தாண்டிவிட்டது. தொலைவில் நகரி மலை தெரிந்தது. 'நகரி மூக்கு' என்று அதன் சிகரத்துக்குப் பெயர். கடலில் வரும் மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் சென்னைக் கரையை அடையாளம் கண்டார்களாம். எங்கள் நகரி ஆறும் கொசஸ்தலையோடு கூடி, 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்நீரைச் சென்னையில் நீங்கள் குடித்திருக்கிறீர்கள். எந்த மாநிலத்துத் தண்ணீர் என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

"கோடு இன்னும் ஓயல" என்றார் பெரியவர், மௌனம் கலைந்து. 2022 ஏப்ரல் 4இல் ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது, நகரி சித்தூரில் நின்றது. அடுத்த ஊரான புத்தூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அதைத்தான் சொன்னார். "கோடு போடறவன் வேற, கோட்டு மேல குடியிருக்கறவன் வேற."

ஏகாம்பரகுப்பம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர் வாசலருகே நின்றார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். பந்து வரும்போது யோசிக்க நேரம் இருந்திருந்தா நீ இன்னா பண்ணியிருப்பே?"

எனக்குப் பதில் வரவில்லை.

"எங்கிட்ட சொல்லாத. நீயே வெச்சுக்க" என்று இறங்கிப் போய்விட்டார். தளமேடையில் சற்றே காலைச் சாய்த்து நடந்து போன அவர் முதுகு நேராகவே இருந்தது.

புத்தூரில் அப்பா காத்திருந்தார். கட்டுப் போடும் இடத்தில் நல்ல கூட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து முனகின. அங்கே உள்ளவர்கள் யாரையும் எந்த ஊர், எந்த மொழி என்று கேட்கவில்லை. எந்த எலும்பு என்றுதான் கேட்டார்கள். பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினார்கள். வலித்தபோது "அம்மா!" என்று கத்தினேன். எனக்குப் பக்கத்தில் இருந்த தெலுங்குக் கிழவரும் "அம்மா!" என்றுதான் கத்தினார்.

வீட்டில் பத்து நாள் இருந்தேன். நகரியில் தெருவுக்குத் தெரு விசைத்தறி. எங்கள் வீட்டிலும் நான்கு தறி ஓடுகின்றன. அங்கே கணக்கு தெலுங்கில், திட்டு தமிழில், சாமிக்கு இரண்டும். தறிச் சத்தத்தின் நடுவே படுத்துக்கொண்டு பெரியவரின் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

நண்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யோசிக்க நேரம் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்று எனக்கு ஐயம் உண்டு. பட்டியலில் என் பெயரைச் சேர்க்காத உங்கள் மீது எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைவிட, உங்களோடு சேர்ந்து நிற்க வேண்டும் என்ற ஏக்கம் பெரிதாக இருந்தது. ஒரு பந்தை விட்டால் ஒரு மன்றம் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நல்ல வேளையாகக் கை முந்திக்கொண்டது. விட்டுக்கொடுத்து வாங்கியிருந்தால் உங்கள் நட்பு எனக்கு எத்தனை நாள் இனித்திருக்கும்? என்னை நம்பிக் கோலில் நிறுத்தியவர்களின் முகத்தைத்தான் எப்படிப் பார்த்திருப்பேன்?

திரும்பி வந்த அன்று தெலுங்கு மன்றத்து நண்பர்கள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார்கள். அடுத்த ஆண்டும் தங்களுக்கே ஆட வேண்டும் என்றார்கள். பார்க்கலாம் என்றேன். நம் மன்றத்திலிருந்து ஒருவர் வந்தார். பெனால்டி உதைத்த நம் தலைவர்தாம். கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் உதைத்திருக்க வேண்டும்" என்றார். இருவரும் சிரித்தோம். என்னைத் துரோகி என்ற நண்பர் இன்னும் வரவில்லை. அவர் பெயரை எழுத மாட்டேன். அர்ஜென்டினா ஆடும் அடுத்த ஆட்டத்தை அவர் அறையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆசை.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் என் பெயரை எழுதுங்கள். எழுதினால் உங்கள் கோலைக் காக்கிறேன். எழுத மறந்தால் எதிர்ப்பக்கம் நின்றாலும் நிற்பேன். அப்போது நன்றாக உதையுங்கள்; விட மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல மன்றக் கூட்டத்துக்கு வருவேன். நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள்.